இரண்டு முறை ஒட்டப்பட்ட கோப்பை

விளக்க அட்டையில் ஐந்து வரிகள் இருந்தன. நான்காவது வரி என் அக்காவைப் பற்றியது.

'பன்னிரண்டு கோப்பைகளில் ஒன்று வீட்டுப் பணிப்பெண்ணின் கவனக்குறைவால் உடைந்தது; குடும்பத்தார் அதை மிகுந்த அக்கறையுடன் ஒட்டிப் பாதுகாத்தனர்.'

காப்பாட்சியர் தாளை என் மேசையில் வைத்து, "எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் ஒரு தடவ பாத்துடும்மா. இந்த வாரமே அச்சுக்குப் போகணும்" என்றார். பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் என் காதுமடல் சூடாகியிருப்பதை உணர்ந்தேன்.

இந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பொருள்களைச் சுத்தம் செய்து, சீர்செய்து, காட்சிக்குத் தயாராக்குவது என் வேலை. பதினோரு வருடங்களாகச் செய்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பெரிய வீட்டின் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிகள் மொத்தமும் ஆறு மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. ஒரு பழக்கிண்ணம், இரண்டு தண்ணீர்க் குடுவைகள், விரல் கழுவும் சிறு கிண்ணங்கள், பன்னிரண்டு கோப்பைகள். எல்லாமே வாயால் ஊதிச் செய்தவை. முதல் பெட்டியைத் திறந்து காகிதத்தை விலக்கியதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் அக்கா வேலை செய்த வீடு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. பொருளைப் பார், அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்காதே என்று எனக்கு நானே தொழில் நேர்மை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டேன். அது நேர்மை இல்லை, வெட்கம். அக்காவை நினைத்து வந்த வெட்கம்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அவளோடு அந்த வீட்டுக்குப் போவேன். அவள் பின்கட்டில் பாத்திரங்களோடு இருக்க, வீட்டம்மா என்னைச் சாப்பாட்டு அறையில், கண்ணாடி அலமாரியின் முன்னால் உட்கார விடுவார். கோப்பைகளின் கிண்ணப் பகுதி வெளிர்நீலம். தண்டு நிறமற்றது. கிண்ணமும் தண்டும் சேரும் கழுத்தில் மோதிரம்போல ஒரு கண்ணாடி வளையம். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஊதியவரின் மூச்சுக்குத் தக்கபடி ஒன்று ஒரு நூல் உயரம், ஒன்று ஒரு நூல் குள்ளம், ஒன்றின் இடுப்பு கொஞ்சம் பருமன். இதைக் கண்டுபிடித்து நான் சொன்னதும் வீட்டம்மா அசந்துபோனார். ஒரு கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு கைகளாலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, திருப்பிக் கொடுத்தேன்.

"உனக்கு நிதானமான கை. உங்க அக்கா மாதிரி இல்ல" என்றார்.

ஒரு குழந்தைக்கு அதுவரை யாரும் எதுவும் நல்லதாகச் சொல்லியிராவிட்டால், அப்படி ஒரு சொல் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது! அந்தச் சொல்லின் மேல்தான் நான் என் படிப்பை, என் வேலையை, என்னைப் பற்றிய என் எண்ணத்தை எல்லாம் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. மறுநாள் காலை அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கடைசிக் கோப்பையின் கிண்ணம் ஒரு கையிலும் தண்டு இன்னொரு கையிலுமாக நின்றது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளே வீட்டம்மாவிடம் போனாள். "நான் உடைக்கலம்மா. கையோட வந்துருச்சு" என்றாள். அந்த நிமிடமே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அப்பா அடித்தார். "உடைச்சதுக்கு அடிக்கல. பொய் சொல்ற பாரு, அதுக்கு." அம்மா கெஞ்சினாள். "கை தவறுறது எல்லாருக்கும்தாண்டி. ஒத்துக்கிட்டு ஒரு மன்னிப்பு கேட்டா திரும்பச் சேத்துக்குவாங்க. ஒத்துக்கோயேன்." அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் எந்த வீட்டிலும் அவளை எடுக்கவில்லை. உடைத்ததோடு வாயும் நீளம் என்று பேச்சு போயிருந்தது. சித்தப்பா பையன் ஒருவன் அவளுக்குச் 'சில்லு' என்று பேர் வைத்தான். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான வீட்டிலும் சில்லு. அவள் மகளின் தோழிகளுக்கு அவள் சில்லு ஆன்ட்டி. நானும் சில்லக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் திரும்பிப் பார்ப்பாள், சிரிப்பாள். சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் அவளை நம்பவில்லை. ஒரு நாளும் நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் கோபப்பட்ட ஆள்களின் வரிசை நீளமானது, அதில் நானும் இருக்கிறேன்.

எங்கள் பணியறையில் ஒரு கிண்டல் உண்டு. யாராவது ஒரு பொருளைச் சேதப்படுத்திவிட்டால் எப்படி நடந்தது என்று எழுதித் தர வேண்டும். எழுதுகிற எல்லோருமே, தான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக வந்துவிட்டது என்றுதான் எழுதுவார்கள். எங்கள் புகைப்படக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன, இதுவும் கையோட வந்துருச்சா?" என்பார். அறையே சிரிக்கும். அந்த வாசகத்தை அவருக்குக் கொடுத்தது நான். வேலையில் சேர்ந்த முதல் வாரம், எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படிச் சொன்னாளாம் என்று கதையாகச் சொன்னேன். பதினோரு வருடங்களாக என் அக்கா, பேர் இல்லாமல், என் அலுவலகத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக இருந்தாள்.

அட்டையைப் படித்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், மூன்று வாரமாகத் தள்ளிப் போட்டிருந்த பன்னிரண்டாவது கோப்பையை எடுத்தேன். மற்ற பதினொன்றும் முடிந்திருந்தன. சுத்தம் செய்து, பாதத்தின் அடியில் மயிரிழை எழுத்தில் எண் எழுதி, நிலை அறிக்கை நிரப்பி, கையெழுத்துப் போட்டு வரிசையாக வைத்திருந்தேன். இதற்கும் அறிக்கை எழுத வேண்டும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். புறஊதா விளக்கைப் போட்டேன்.

சாதாரண வெளிச்சத்தில் கழுத்து வளையத்துக்குக் கீழே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு மட்டும்தான் தெரியும். புறஊதா விளக்கில் ஒவ்வொரு பசையும் தன் சொந்த நிறத்தில் ஒளிரும். கோட்டின் வெளிப்பக்கம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டும் பசை, அதை எதிர்பார்த்தேன். அதற்கு உள்ளே, கண்ணாடியின் தோலை ஒட்டி, பால்போல வெளுத்த நீலத்தில் இன்னொரு கோடு.

விளக்கை அணைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி போட்டேன். உருப்பெருக்கியை இழுத்து வைத்தேன். நீலக் கோடு போகவில்லை.

பஞ்சு சுற்றிய குச்சியை வெந்நீரில் நனைத்து அதன் விளிம்பில் ஒரு கடுகளவு இடத்தில் வைத்தேன். இளகியது. பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்தது, வச்சிரம். தச்சர்கள் மரத்துக்குப் போடுகிற, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. காய்ந்தால் வருடக்கணக்கில் பிடித்து நிற்கும். வெந்நீர் பட்டால் விட்டுவிடும்.

கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பார்த்தேன். உடைந்த தளம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரே உடைவின் மேல் முதலில் வச்சிரம், பல காலம் கழித்து அதன் மிச்சத்துக்கு மேலேயே மற்றப் பசை. உடைவு ஒன்று. ஒட்டு இரண்டு. அக்காவின் கைக்கு அந்தக் கோப்பை வந்தபோது அது ஏற்கெனவே உடைந்த கோப்பை. அவள் வெந்நீரில் போட்டாள், பசை விட்டது. அவள் சொன்னது போலவேதான்.

எனக்கு அழுகை வரவில்லை. நிதானமான கை! கோப்பையைத் தட்டில் படுக்க வைத்துவிட்டு, அந்தக் கையை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். வலிக்கட்டும் என்று.

மறுநாள் காலை வீட்டம்மாவின் மகள் வந்தார். வீட்டம்மா போன வருடம் இறந்துவிட்டார். கண்ணாடிகளைக் கொடையாகத் தந்தவர் இந்த மகள்தான். புகைப்படங்களையும் அட்டையையும் பார்த்து ஒப்புதல் சொல்ல வந்திருந்தார். காப்பாட்சியர் அவரை என் அறைக்கு அழைத்துவந்து, கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். புகைப்படக்காரர் பழக்கிண்ணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, எப்படிப் பளபளன்னு பண்ணிட்டீங்க!" என்றார் மகள். "எங்க வீட்டுல இருந்தப்பகூட இவ்ளோ அழகா இல்ல."

"மேடம், இந்த ஒரு கோப்பை. அந்தப் பொண்ணு உடைக்கறதுக்கு முன்னாடி எப்பவாவது உடைஞ்சிருந்துச்சா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது? மாட்டிக்கிட்டேனா! நான் பண்ண வேலைங்க அது. எட்டு வயசு எனக்கு. தம்பியும் நானும் ராஜா ராணி விளையாடினோம். ஆளுக்கொரு கோப்பைய எடுத்துட்டு ஒண்ணோட ஒண்ணு இடிச்சோம். அவனோடது அப்படியே இருக்கு, என்னோடது தலை தனியா தண்டு தனியா. அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். அப்போ வீட்டுல கார்பென்டர் வேலை நடந்துட்டிருந்துது. அம்மா அவர்கிட்ட பசை வாங்கி, அப்பா ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள ஒட்டி, பின்வரிசையில வெச்சுட்டாங்க. அப்பா சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது!"

"அப்புறம் அதை எடுக்கவே மாட்டாங்களா?"

"பன்னெண்டு பேர் வந்தா எடுத்துத்தானே ஆகணும்? ஆனா அதை மட்டும் அம்மாவே பச்சத்தண்ணியில கழுவிடுவாங்க. வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாங்க. அன்னிக்குத்தான் தலவலின்னு படுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு வெந்நீர்ல போட்டு மறுபடி உடைச்சிட்டா."

மறுபடி. அந்த ஒரு சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! ஒரு துளி யோசனை இல்லாமல், தூசி தட்டுவதுபோல.

"வெந்நீர்ல கழுவணும்னு சொன்னது யாரு?"

"அம்மாதான். எண்ணெய்ப் பிசுக்கு போகணும்ல? எல்லாத்தையும் வெந்நீர்லதான் கழுவச் சொல்வாங்க."

"அப்போ அந்தப் பொண்ணு எதையும் உடைக்கல."

"உடைக்கலன்னா..." அவர் நெற்றியைச் சுருக்கினார். "அவ கையிலதானே ஆச்சு?"

"அந்தப் பொண்ணு என் அக்கா."

புகைப்படக்காரரின் கேமரா நின்றது. மகள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, அந்த மலர்ச்சியை.

"அடடே! அலமாரி முன்னாடியே உக்காந்திருக்குமே ஒரு குட்டிப் பொண்ணு, அது நீங்களா? அம்மா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. இவ்ளோ பெரிய வேலைக்கு வந்துட்டீங்க! அக்கா நல்லா இருக்காங்களா?"

"எங்க வீட்டுல அவளுக்குச் சில்லுன்னு பேரு."

"ஐயோ, செல்லமா இருக்கே!"

"செல்லப் பேர் இல்ல மேடம். உங்க கோப்பைய உடைச்சவன்னு வெச்ச பேரு. இருபத்துநாலு வருஷமா கூப்பிடறோம்."

மகள் கைப்பையின் வாரைத் திருகினார். குரல் இறங்கியது. "அம்மாவுக்கு மனசுல இருந்துச்சுங்க. இல்லன்னு சொல்லல. பாவம் அந்தப் பொண்ணுன்னு சொல்லிருக்காங்க. ஆனா சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சுபோயிடுமே."

"அப்பா போய் எத்தன வருஷமாச்சு?"

"பதினெட்டு."

"அதுக்கப்புறம் யாருக்குப் பயந்தாங்க?"

பழக்கிண்ணத்தைப் பார்த்தார். காப்பாட்சியரிடம் பேசிக்கொள்கிறேன் என்று முனகிவிட்டுப் போனார். புகைப்படக்காரர் கேமராவின் மூடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "நீங்க எனக்குச் சொன்ன அந்தக் கதை..." என்று தொடங்கினார். "ஆமா, அவதான்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் காப்பாட்சியர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த வரிய எடுத்துடறேன். விஷயம் முடிஞ்சுது. சரியா?"

"எடுத்தா மட்டும் போதாது சார்."

"வேற என்ன பண்ணச் சொல்ற? அந்தம்மா அழுதுட்டே போறாங்க. குடும்ப விஷயத்த ஆபீசுக்குள்ள கொண்டு வரக் கூடாதும்மா."

"ஆபீசுதான் சார் என் குடும்ப விஷயத்த அட்டையில அச்சடிக்க இருந்துச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. சண்டை என்றால் ஒதுங்கிப்போகும் ஆள், அவ்வளவுதான். உலகத்தில் பாதி அநியாயம் இப்படி ஒதுங்கிப்போகிறவர்களின் மேசையில்தான் பத்திரமாகப் படுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "வெள்ளிக்கிழமை காட்சிப் பேழையில வெக்கணும். நீ கையெழுத்துப் போடாம அந்தக் கோப்பை உள்ள போகாதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். யோசிச்சு எழுது" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அட்டை கண்காட்சியோடு குப்பைக்குப் போய்விடும். நிலை அறிக்கை அப்படி இல்லை, பொருள் இருக்கும்வரை பொருளோடு இருக்கும். அதில் எழுதுவேன், விளக்கு காட்டியதை எழுதுவேன், யாரும் அழிக்க முடியாது. அக்காவிடம் போய்ச் சொல்வேன். மறுநாள் பேருந்தில் போகும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்துகொண்டே போனேன். பரிசு கொண்டுபோகிறவளைப்போலப் போனேன்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் துணிக்கிடங்கில் மேற்பார்வையாளர். கீழ்த்தளத்தில், வெளுத்து வந்த படுக்கை விரிப்புகளை மடித்து மாடி வாரியாக அனுப்ப வேண்டும். நான் போனபோது மதிய ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. அவள் தனியாக இருந்தாள்.

"வாடி பெரிய ஆபீசர்! என்ன இந்தப் பக்கம்? சும்மா நிக்காத, அந்த மூலைய புடி."

விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனைகளை அவள் கையில் கொடுத்து, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். நடந்து வந்து, கொடுத்து, பின்னால் போய், மறுபடி நடந்து வந்தபடியே சொன்னேன். கண்ணாடிகள் வந்ததை, அட்டையை, விளக்கை, வச்சிரத்தை, மகள் சொன்னதை, நான் எழுத வேண்டிய அறிக்கையை. "உடைவு ஒண்ணுதான்க்கா. நீ உடைக்கல. நிரூபிச்சிட்டேன்."

அவள் விரிப்பை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"செவ்வாக்கிழமை."

"எத்தன மணிக்கு?"

"மூணு... மூணரை இருக்கும்."

"சரி. செவ்வாக்கிழமை மூணு மணி வரைக்கும் நான் உனக்கு யாரு?"

என் கையிலிருந்த முனைகளை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்பாவ விடு, அவரு யாரத்தான் நம்பினாரு? அம்மாவுக்குப் பயம். நீ யாருடி? ஒரே போர்வைக்குள்ள படுத்தவ. உன்கிட்ட எத்தன தடவ சொன்னேன், சத்தமே வரலடி, சத்தமே வரலன்னு? சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"கண்ணாடி உடைஞ்சா சத்தம் வருமா வராதா? நான் படிக்காதவ, எனக்கே அது தெரிஞ்சுது. நீ அதையே படிச்சுட்டு, அதையே வேலையாவும் பாத்துட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவ ஏன் சத்தமே வரலன்னு சொல்றான்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. பசை விட்டுப் பிரியும் கண்ணாடி சத்தம் போடாது. இது என் தொழிலின் அரிச்சுவடி. சத்தமே வரல என்ற சொற்கள் இருபத்துநான்கு வருடங்களாக என் காதுக்குள் கிடந்தன. புதிதாய்ச் சேர்ந்த எந்த உதவியாளர் சொல்லியிருந்தாலும் அந்த நிமிடமே, அப்படியானால் அது பழைய ஒட்டு என்று சொல்லியிருப்பேன். சொன்னது அக்கா என்பதால் அது எனக்குச் சாட்சியாகப் படவே இல்லை. பிடிவாதக்காரியின் புலம்பலாகத்தான் கேட்டது.

"வெளக்கு சொல்லித்தான் நம்புவியா? வெளக்கு வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"அக்கா..."

"ஏன் நம்பல? அத மட்டும் சொல்லு. மழுப்பாம சொல்லு."

சொன்னேன். நிதானமான கை, உங்க அக்கா மாதிரி இல்ல. அந்த வாக்கியத்தின் முதல் பாதி எனக்கு வேண்டியிருந்தது. முதல் பாதி உண்மையாக இருக்க வேண்டுமென்றால் இரண்டாம் பாதியும் உண்மையாக இருக்க வேண்டும். அதனால் நீ உடைத்தவளாக இருக்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். அலுவலகக் கிண்டலையும் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் விரிப்பின் நடுவை மோவாயால் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை அகல நீட்டித் தனியாகவே மடித்தாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"உனக்கா நிதானமான கை? அம்மாவோட மூக்குக் கண்ணாடிய மிதிச்சு உடைச்சது யாரு?"

"நான்."

"சுவர் கடிகாரத்த எட்டி எடுக்கறேன்னு கீழ போட்டது?"

"நான்தான்."

"யாரு அடி வாங்கினா? உனக்குக் காச்சல் வந்துடும், நீ சின்னவன்னு, நான்தான் உடைச்சேன்னு சொல்லி நான் வாங்கினேன். உடைக்காததையே உடைச்சேன்னு சொல்லத் தெரிஞ்சவடி நான். அப்படிப்பட்டவ ஒரு தடவ உடைக்கலன்னு சொன்னா, செத்தாலும் மாத்தமாட்டேன்னு நின்னா, அதுல என்னமோ இருக்குன்னு தோணாதா ஒருத்திக்கு?"

தள்ளுவண்டி ஒன்றை யாரோ வெளியே உருட்டிப் போனார்கள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அவளிடம் எல்லோரும் கேட்டதும் அந்த வார்த்தையைத்தான்.

"அந்தக் காயிதத்துல என்ன எழுதப் போற?" என்றாள்.

"புறஊதாப் பரிசோதனையில ரெண்டு வகைப் பசை தெரியுது, உடைவு ஒண்ணுதான், அது எப்ப நடந்ததுன்னு கொடை குடுத்தவங்க சொன்னாங்கன்னு."

"வெளக்கு சொன்னுச்சு. அந்தம்மா பொண்ணு சொன்னா. அப்ப இதுலயும் நான் இல்ல."

"உன் பேர் எங்கயும் வராம பாத்துக்கறேன்க்கா."

"யாருடி உன்ன வராம பாத்துக்கச் சொன்னது?" அவள் குரல் அறைக் கூரையில் மோதித் திரும்பியது. "இத்தன வருஷமா என் பேர் இல்லாமதானே எல்லாம் நடந்துது? உடைச்சவ, வேலைக்காரி, சில்லு. வெச்சிருக்கியா அந்தக் காயிதத்த?"

பையில் இருந்தது. எடுத்தேன். 'பொருளின் வரலாறு' என்ற பகுதியும், அதன் பக்கத்தில் 'தகவல் அளித்தவர்' என்ற கட்டமும் இன்னும் காலியாகத்தான் இருந்தன. மற்ற பதினோரு கோப்பைகளின் தாள்களிலும் அந்தக் கட்டத்தில் வீட்டம்மாவின் மகளுடைய பெயர் இருக்கிறது.

"எழுது. நான் சொல்றத எழுது. உன் வெளக்கு சொன்னத எல்லாம் அதுக்குக் கீழ போட்டுக்க."

காப்பாட்சியர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வாய்வார்த்தையை எப்படி ஆதாரமாக எடுப்பது என்பார். மகள் சொன்னதும் வாய்வார்த்தைதானே, அதை ஐந்து வரியில் அச்சடிக்க எடுத்தீர்களே என்று நான் கேட்பேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் கையெழுத்து இல்லை. பேழையில் பதினோரு கோப்பைகள் நிற்கட்டும். பன்னிரண்டாவது எங்கே என்று வருகிறவர்கள் கேட்கட்டும்.

மடித்த விரிப்புகளின் அடுக்கின் மேல் தாளை வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். அக்கா உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் பேரு போடு. முழுப் பேரு, பள்ளிக்கூடத்துல குடுத்த பேரு."

எழுதினேன். அந்தப் பெயரை நான் கடைசியாக எழுதியது அவள் கல்யாணப் பத்திரிகை உறைகளில்.

"பக்கத்துல என்ன போடுவ?"

"உறவு, பொறுப்பு ஏதாவது போடணும்."

"கோப்பைகளக் கழுவினவர்னு போடு. அதுதான் என் பொறுப்பு. இப்ப எழுது. காலையில ஒம்பது மணி. ரெண்டு தொட்டி. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல வெறும் வெந்நீர். ரெண்டுலயும் அடியில துண்டு விரிச்சிருந்தேன், கண்ணாடி அடியில இடிக்கக் கூடாதுன்னு."

என் பேனா நின்றது. எங்கள் பணியறைத் தொட்டியிலும் துண்டு விரிக்கிறோம். பயிற்சியின் முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தந்த விஷயம் அது. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"என்ன பாக்கற? எழுது. ஒவ்வொண்ணாதான் எடுத்தேன். ரெண்டு கோப்பைய ஒண்ணா தண்ணியில போடல. பதினோரு கோப்பை கழுவிக் கவுத்தாச்சு. ஒண்ணுலயும் ஒரு கீறல் இல்ல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தேன்.

"எங்க கவுத்தேன்னு போடலயே. மெத்துன்னு நாலா மடிச்ச துணி மேல. போடு. வெந்நீர்னா கொதிக்கிற வெந்நீர் இல்ல, கை பொறுக்கற சூடு, அந்தம்மா சொன்ன சூடு. அதையும் போடு."

இரண்டையும் சேர்த்தேன். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. என் மேல், அந்த வீட்டின் மேல், எல்லோர் மேலும். அது இன்றைக்கோ நாளைக்கோ தணிகிற கோபம் இல்லை. ஆனால் குரல் மட்டும் நிதானமாக, இடைவெளி விட்டு, என் கை எழுதி முடிக்கக் காத்திருந்து வந்தது.

"இப்ப பன்னெண்டாவது" என்றாள். இடது கையைக் கிண்ணத்தைத் தாங்குவதுபோலக் குவித்தாள். வலது கை விரல்களால் இல்லாத ஒரு தண்டைப் பிடித்தாள். "நல்லாப் பாத்துக்க. இப்படித்தான் புடிச்சிருந்தேன். எழுது."